முழுதாகச் செய்ய முடியாவிட்டால் செய்யவே வேண்டாம் என்ற எண்ணம்: வீட்டு யோகப் பயிற்சி பற்றி ஒரு கேள்வி

கேள்வி: திருச்சி வாசகி

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு தணிக்கை அலுவலகத்தில் பணிபுரிகிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சில ஆண்டுகள் ஓர் ஆசிரியையிடம் ஆசனங்களும் எளிய பிராணாயாமமும் கற்றேன். பெருந்தொற்றுக் காலத்தில் அந்த வகுப்பு நின்றுபோனது. அதன்பின் வீட்டு மாடியில் விரிப்பைப் போட்டுத் தனியாகவே செய்துவருகிறேன்.

வகுப்பில் இல்லாத ஒரு சிக்கல் இப்போது வந்திருக்கிறது. ஆசிரியை அருகில் இருந்தபோது, "போதும், மெதுவாக இறங்குங்கள்" என்று அவர் சொல்லும் இடத்தில் நிறுத்திக்கொள்வேன். இப்போது போதும் என்று சொல்ல ஆளில்லை. கைப்பேசியைச் சுவரோரம் சாய்த்து வைத்துக் காணொளி எடுத்து, அதை இணையத்தில் உள்ள படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். கால் நீட்டி அமர்ந்து முன்குனியும் பச்சிமோத்தாசனத்தில் நெற்றி முழங்காலைத் தொடுவதில்லை. கைகளையும் கால்களையும் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக சுவானாசனத்தில் குதிகால் தரையில் படுவதில்லை. பத்மாசனத்தில் இடது முழங்கால் அந்தரத்தில் நிற்கிறது. பயிற்சி முடிந்து சவாசனத்தில் படுத்திருக்கும்போதுகூட மனம் அன்றைய பிழைகளைப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறது. பகல் முழுவதும் பிறர் கணக்கில் பிழை தேடுகிறவளுக்கு அந்தப் பழக்கம் விரிப்பின் மேலும் தொடர்கிறதோ என்னவோ.

இன்னொன்றும் உண்டு. சூரிய நமஸ்காரத்தில் தொடங்கிப் பிராணாயாமம் வரை முழு வரிசையையும் செய்ய எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்த நேரம் கிடைக்காத நாளில் அரைகுறையாகச் செய்வானேன் என்று விரிப்பையே எடுப்பதில்லை. அப்படியே வாரக்கணக்கில் விட்டுப்போவதும் உண்டு.

எல்லாம் சரியாக வரவேண்டும் என்ற இந்தப் பிடியைத் தளர்த்த விரும்புகிறேன். ஆனால் தளர்த்தினால் அது சோம்பலாகவும் அலட்சியமாகவும் மாறிவிடாதா என்ற அச்சமும் இருக்கிறது. நீண்ட நாள் பயிற்சி உடையவர்கள் இதை எப்படிக் கையாளுகிறீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: வைகைக்கரை

வணக்கம் சகோதரி. பள்ளி ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின் எங்கள் பகுதியில் சிலருக்கு யோகம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நீங்கள் எந்தப் படத்தோடு உங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறீர்களோ அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. அது தெரிந்தாலே பாதிப் பாரம் குறையும் என்பது என் எண்ணம்.

இன்று உலகெங்கும் பரவியிருக்கும் ஆசனப் பயிற்சியில் பெரும்பகுதி, 1930களில் மைசூரில் கற்பித்த திருமலை கிருஷ்ணமாச்சாரியாரிடமிருந்து கிளைத்தது. மகாராஜாவின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் 1933இல் அவருடைய யோகசாலை தொடங்கியது. அங்கே அவரிடம் பயின்றவர்களில் பலர் சிறுவர்களும் இளைஞர்களும். அவர்கள் கூட்டத்துக்கு முன்னால் ஆசனங்களைச் செய்துகாட்டவும் வேண்டியிருந்தது. யோகத்தின்பால் பொதுமக்களின் கவனத்தை ஈர்க்க அது ஒரு வழியாக இருந்தது. 1938இல் அங்கே எடுக்கப்பட்ட, ஒலியில்லாத பழைய படச்சுருள் ஒன்று இப்போதும் இணையத்தில் கிடைக்கிறது. அதில் இருபது வயது பி.கே.எஸ். அய்யங்கார் உடலை வளைக்கும் விதத்தைப் பார்த்தால், நாற்பது வயதில் நாற்காலி வேலை பார்க்கும் ஒருவர் அதை அளவுகோலாக வைத்துக்கொள்வது எவ்வளவு பொருந்தாத செயல் என்பது விளங்கும். அதே அய்யங்காரின் ஆங்கில நூல் 1966இல் ஏறத்தாழ அறுநூறு படங்களோடு வெளிவந்தது. உலகம் முழுவதும் ஆசனத்தின் "சரியான வடிவம்" என்று மக்கள் மனத்தில் பதிந்தவை பெரும்பாலும் அந்தப் படங்களும் அவற்றைப் பின்பற்றி வந்த படங்களும்தான். பதின்வயதிலிருந்து இடைவிடாமல் அதே வேலையாக இருந்த ஒருவருடைய உடல் அது.

கதையின் மறுபாதியைப் பலர் கவனிப்பதில்லை. கிருஷ்ணமாச்சாரியார் 1950களின் தொடக்கத்தில் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். இங்கே அவரைத் தேடி வந்தவர்களில் நோயாளிகளும் முதியவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் இருந்தார்கள். மைசூரில் சிறுவர்களுக்குக் கற்பித்ததை இவர்களுக்கு அப்படியே கொடுக்க முடியாது. ஆகவே ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்து, அவரவர் வயது, உடல்நிலை, தொழில், அவருக்குக் கிடைக்கும் நேரம் ஆகியவற்றுக்கு ஏற்பப் பயிற்சியை அமைத்துக் கொடுத்தார். முழங்காலை மடக்கிக்கொண்டு முன்குனிவது, நாற்காலியில் அமர்ந்து கைகளை உயர்த்துவது எல்லாம் அந்த முறையில் முழு மதிப்புள்ள பயிற்சியே. பொறியியல் படித்த அவருடைய மகன் தேசிகாச்சார் அந்த வழியைத் தொடர்ந்து, 1976இல் சென்னையில் தந்தையின் பெயரால் யோக மந்திரம் ஒன்றை நிறுவினார். ஆசனத்துக்கு ஏற்ப ஆளை வளைப்பதைவிட ஆளுக்கு ஏற்ப ஆசனத்தை அமைப்பது என்ற அந்தக் கொள்கையை நான் நெடுநாளாகப் பின்பற்றி வருகிறேன். பார்த்தவரையில் பயன் தருகிறது.

பழைய நூல்களும் உங்களை விரட்டுவதில்லை. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் இருநூறுக்குச் சற்றுக் குறைவான சூத்திரங்கள் இருந்தும், ஆசனத்தைப் பற்றி நேராகச் சொல்பவை இரண்டாம் பாதத்தில், அதாவது இரண்டாம் பகுதியில், வரும் மூன்று சூத்திரங்கள் மட்டுமே. இருக்கை நிலையாகவும் சுகமாகவும் இருக்கவேண்டும் என்பது முதல் சூத்திரம். முயற்சியைத் தளர்த்துவதாலும் எல்லையற்றதில் மனத்தை ஒன்றச் செய்வதாலும் அது கைகூடும் என்பது இரண்டாவது. அப்போது இரட்டைகளால், அதாவது குளிர் வெப்பம் போன்றவற்றால், தாக்குறாத நிலை வரும் என்பது மூன்றாவது. நெற்றி முழங்காலைத் தொடவேண்டும் என்று எங்குமே இல்லை. தளர்த்தினால் சோம்பல் வந்துவிடுமோ என்று அஞ்சுகிறீர்களே, தளர்த்துவதையே வழியாகச் சொல்கிறார் அவர். அந்தச் சூத்திரங்களுக்கு உரை எழுதிய வியாசர் தரும் ஆசனப் பட்டியலில் பத்மாசனம், வீராசனம் முதலியவற்றோடு, ஆதாரத்தைத் துணையாகக் கொண்டு அமரும் இருக்கையும், அவரவருக்குச் சுகமானபடி அமரும் இருக்கையும் இடம்பெறுகின்றன. நம் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பத்திரம், கோமுகம், பங்கயம், வீரம் ஆகியவற்றை எண்ணும் வரிசையிலேயே சுகாதனத்தையும் (சுகாசனம்) வைத்து எண்ணுகிறார். அதைத் தாழ்ந்த படியாக ஒதுக்கவில்லை.

இதைச் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. யோக நரசிம்மர் திருமேனிகளையும் ஐயப்பன் திருமேனியையும் பார்த்திருப்பீர்கள். கால்களைச் சுற்றி ஒரு பட்டை இருக்கும்; அதற்கு யோகப்பட்டம் என்று பெயர். தெய்வமே பட்டை கட்டி அமர்ந்திருக்கும்போது நாம் மடித்த போர்வை ஒன்றின் மேல் உட்காருவதற்கு ஏன் கூச்சப்பட வேண்டும்?

செய்முறையாக ஒன்று சொல்கிறேன். கைப்பேசியை அறைக்கு வெளியே வைத்துவிட்டு, மூச்சை அளவுகோலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆசனத்துக்குள் செல்லும்போது மூச்சு சீராகவும் ஓசை ஒரே தன்மையாகவும் இருக்கும் எல்லைதான் அன்றைய உங்கள் எல்லை. மூச்சு திக்கினாலோ, உள்மூச்சைச் சட்டென்று இழுக்கவேண்டி வந்தாலோ, ஒரு படி பின்வாங்குங்கள். இந்த அளவுகோல் தினமும் மாறும். நேற்றைய தூரத்தோடு ஒப்பிட அதில் எதுவும் மிஞ்சாது. நீங்கள் இழந்துவிட்டதாக எழுதியிருக்கும் அந்த "போதும்" என்ற குரலை மூச்சு கொடுத்துவிடும்.

பதில்: இயன்முறை மருத்துவர்

மேலே சொன்னதை உடற்கூற்றின் பக்கத்திலிருந்து கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் குறிப்பிட்ட மூன்று "பிழைகளில்" ஒன்றுகூடப் பிழையாக எனக்குத் தோன்றவில்லை.

ஓர் அசைவு ஓரிடத்தில் நிற்பதற்குப் பொதுவாக இரண்டு காரணங்கள் உண்டு. தசையும் தசைநாரும் இழுபட்டு நிற்பது ஒன்று. எலும்பும் எலும்பும், அல்லது சதையும் சதையும், ஒன்றோடொன்று முட்டி நிற்பது மற்றொன்று. முதலாவது பயிற்சியால் மெல்ல மெல்ல மாறும். இரண்டாவது எத்தனை ஆண்டுகள் முயன்றாலும் மாறாது. இடுப்பு மூட்டில் இந்த வேறுபாடு மிகவும் முக்கியம். தொடையெலும்பின் கழுத்து எலும்புத் தண்டிலிருந்து சற்று முன்னோக்கித் திரும்பியிருக்கும். பெரியவர்களில் இந்தத் திருப்பம் சராசரியாக 15 பாகையை ஒட்டி இருந்தாலும் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும். இடுப்புக் குழி எந்தத் திசையை நோக்கி இருக்கிறது, எவ்வளவு ஆழம் என்பதும் அப்படியே. ஒரே மனிதரின் வலப்பக்கமும் இடப்பக்கமும்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. திருப்பம் அதிகமாக உள்ளவருக்குத் தொடை உட்புறமாக எளிதில் திரும்பும், வெளிப்புறமாகத் திரும்புவது கடினம். பத்மாசனத்துக்கு வேண்டியதோ வெளிப்புறத் திருப்பம். ஆகவே சிலர் எந்த முயற்சியும் இல்லாமல் பத்மாசனத்தில் அமர்வதும், வேறு சிலர் ஆயுள் முழுவதும் முயன்றும் அமர முடியாமல் இருப்பதும் அவர்களுடைய ஒழுக்கத்தையோ விடாமுயற்சியையோ காட்டுவதில்லை.

உங்களுக்கு எந்த வகை என்று தோராயமாக அறிய ஒரு வழி உண்டு. காலை மடக்கும்போது பிட்டத்தின் வெளிப்புறத்திலோ உள்தொடையிலோ இழுவை தெரிந்தால் அது பெரும்பாலும் தசை. தொடையும் இடுப்பும் சேரும் முன்பக்க மடிப்பில் கிள்ளுவதுபோல் இருந்தால் மூட்டு தன் எல்லைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். அதற்கு மேல் தள்ளாதீர்கள். முழங்காலில் உணர்வு தெரிந்தால், அது இழுவையாகவே இருந்தாலும், உடனே வெளியே வந்துவிட வேண்டும். முழங்கால் அடிப்படையில் மடங்கி நிமிரும் மூட்டு. மடங்கிய நிலையில் சிறிதளவு சுழலும், அவ்வளவுதான். இடுப்பு திரும்ப மறுக்கும்போது பாதத்தைக் கையால் இழுத்து எதிர்த்தொடையின் மேல் வைத்தால், குறைந்த திருப்பம் முழுவதையும் முழங்கால் ஏற்கிறது. உள்ளே இருக்கும் சவ்வு நசுங்குகிறது. அந்தரத்தில் நிற்கும் முழங்காலைக் கையால் அழுத்தித் தரைக்குக் கொண்டுவரும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யவேண்டாம்.

பச்சிமோத்தாசனத்தில் நெற்றி முழங்காலைத் தொடுவது உடற்பகுதியின் நீளத்தையும் கால்களின் நீளத்தையும் ஒட்டியது. முதுகைக் கூன்போல் வளைத்துத் தொட்டுவிடுவோரும் உண்டு; அதனால் தொடையின் பின்தசைக்குக் கிடைக்கும் பயன் குறைவு, முதுகெலும்புத் தட்டுகளுக்கு வரும் சுமை அதிகம். ஒரு போர்வையை மடித்து அதன் விளிம்பில் அமர்ந்து, முழங்காலைச் சற்றே மடக்கி, இடுப்பெலும்பே முன்னோக்கிச் சாயும்படி செய்தால் நெற்றி எங்கே இருந்தாலும் ஆசனம் தன் வேலையைச் செய்கிறது. உட்காரும் எலும்பின் அருகில், பிட்டத்தின் அடியில் ஒரு புள்ளியில் வலி தொடர்ந்து இருப்பதாகச் சிலர் என்னிடம் வருவார்கள். விசாரித்தால் பெரும்பாலும் முன்குனியும் ஆசனங்களை விடாப்பிடியாகச் செய்கிறவர்களாக இருப்பார்கள். பின்தசையின் நாண் எலும்போடு சேரும் இடம் அது. இன்னும் இழுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்து மேலும் இழுப்பார்கள், வலி கூடும். அங்கே தேவைப்படுவது இழுப்பைக் குறைத்து, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தும் சேதுபந்தாசனம் போன்றவற்றால் அந்தத் தசைக்கு வலுவூட்டுவது.

குதிகால் தரையில் படுவதும் அப்படித்தான்: கெண்டைக்கால் தசை ஒரு பங்கு, கணுக்கால் எலும்பின் அமைப்பு ஒரு பங்கு. அதோமுக சுவானாசனத்தின் நோக்கம் முதுகு நீள்வதும் தோள் திறப்பதும் என்றால், குதிகால் எங்கே இருந்தால் என்ன?

பதில்: புனே மரபு மாணவன்

முன்பு எழுதிய இருவரோடும் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்யாவிட்டால் இந்த உரையாடல் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்.

"எப்படி வந்தாலும் சரி, மனம் நிறைவாக இருந்தால் போதும்" என்று இப்போது பலர் சொல்கிறார்கள். நான் அய்யங்கார் முறையில் பயின்றவன். அங்கே பாதத்தின் எந்த ஓரத்தில் எடை இறங்குகிறது, முழங்கால் சில்லு எந்த விரலை நோக்கி இருக்கிறது என்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது முழுமை வெறியாகத் தோன்றலாம். உண்மையில் அந்த நுணுக்கங்களில் பல, மேலே மருத்துவர் சொன்ன அதே பாதுகாப்புக்காகச் சொல்லப்படுபவை. கால்களை அகற்றி நின்று பக்கவாட்டில் சாயும் திரிகோணாசனத்தில் முழங்கால் உள்நோக்கிச் சரிந்தால் மூட்டு பாதிக்கப்படும். ஆகவே அதைக் கவனிக்கிறோம். கை தரையைத் தொடவேண்டும் என்று எவரும் வற்புறுத்துவதில்லை. தொடையில் வை, அல்லது கீழே ஒரு கட்டையை வை என்றுதான் சொல்வார்கள். கட்டை, பெல்ட், போர்வை, நாற்காலி, சுவரில் மாட்டிய கயிறு ஆகியவற்றை இவ்வளவு விரிவாக ஆசனப் பயிற்சிக்குள் கொண்டுவந்தவர், உலகம் கண்டிப்பானவர் என்று பேசும் அதே அய்யங்கார்தான். சிறுவயதில் காசநோயாலும் மலேரியாவாலும் நலிந்திருந்தவர் அவர். முடியாத உடலைப் பற்றி அவருக்கு எவரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. அறுநூறு படங்களை மட்டும் பார்த்துவிட்டு அவரைப் படத்தோடு படமாக ஒதுக்கிவிடுவது சரியல்ல என்று வைகைக்கரை ஐயாவிடம் பணிவுடன் சொல்லிக்கொள்கிறேன்.

எனவே, சகோதரி, கூர்ந்து கவனிப்பதை விட்டுவிடாதீர்கள். கவனித்ததை வைத்து உடனே தீர்ப்பு எழுதுவதை மட்டும் நிறுத்திப் பாருங்கள். "இடது முழங்கால் அந்தரத்தில் இருக்கிறது" என்பது தகவல். அதைக் கொண்டு அடியில் ஒரு போர்வையைச் செருகலாம். "இத்தனை ஆண்டுகள் செய்தும் இன்னும் அந்தரத்தில் இருக்கிறதே" என்பதைக் கொண்டு எதையும் செய்ய முடியாது. எனக்கு உதவிய வழி, ஒரு நாளைக்கு ஒரே ஒரு குறிப்பை மட்டும் எடுத்துக்கொள்வது. இன்று பாதங்களின் வெளி ஓரம் என்றால் தாடாசனம் முதல் சவாசனத்துக்கு முன்வரை அது மட்டுமே. முதுகு, தோள், கழுத்து எல்லாம் இன்னொரு நாளைக்கு. பத்துக் குறிப்புகளை ஒரே சமயத்தில் நிறைவேற்ற முயல்கிறவரால் பத்தில் தவறுவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

இன்னொரு வேறுபாட்டையும் மனத்தில் கொள்ளவேண்டும். எல்லா ஆசனங்களும் தளர்வைப் பொறுத்துக்கொள்வதில்லை. சுகாசனத்திலோ, பூனைபோல் நிற்கும் மார்ஜாரி ஆசனத்திலோ சற்று முன்பின்னாக இருந்தால் ஒன்றும் ஆகாது. சிரசாசனம் அப்படியல்ல. முன்கைகள் எடையை ஏற்காமல் அது கழுத்தில் இறங்கினால், விளைவைக் கழுத்து சுமக்கும். கண் அழுத்த நோய், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் அதன் பக்கமே போகக்கூடாது. அத்தகைய ஆசனத்தைச் சுமாராகச் செய்வது என்ற இடைநிலையே கிடையாது: ஒழுங்காகக் கற்றுச் செய்யவேண்டும், அல்லது வரிசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுத்துவிடுவதில் எந்தக் குறைவும் இல்லை. முழுமை எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்று பிரித்துக்கொண்டால், தேவையற்ற இடத்தில் பிடியை விடுவது எளிதாகிவிடும்.

பதில்: மனநல ஆலோசகர்

உடலைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டார்கள். உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதியை, அதாவது முழு வரிசை முடியாவிட்டால் ஒன்றுமே வேண்டாம் என்பதை, யாரும் இன்னும் தொடவில்லை. பயிற்சி வாரக்கணக்கில் நின்றுபோவதற்கு அதுதான் காரணம் என்பதால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

உளவியலாளர்கள் ஹியூவிட், ஃபிளெட் ஆகிய இருவரும் 1991இல் முழுமை நாட்டத்தை மூன்றாகப் பகுத்தார்கள்: தனக்குத்தானே கடுமையான அளவுகோல் வைத்துக்கொள்வது, பிறரிடம் அதை எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் அதை எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது. இவற்றுள் மூன்றாவது வகைதான் மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் வலுவாகத் தொடர்புடையதாகப் பல ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது. உங்கள் மாடியில் யாருமே இல்லை. இருந்தும் கைப்பேசி வழியாக ஒரு பார்வையாளரை நீங்களே அமர்த்தியிருக்கிறீர்கள். காணொளி எடுப்பதை நிறுத்தச் சொன்ன வைகைக்கரை ஐயாவின் யோசனை ஆகவே நான் ஆதரிப்பது. ஆனால் அடியோடு விட முடியாவிட்டால், மருத்துவரிடமோ ஆசிரியரிடமோ காட்டவேண்டிய தேவை வரும்போது மட்டும் எடுப்பது என்று வரையறுத்துக்கொள்ளலாம்.

முழு வரிசையைப் பொறுத்தவரை, நம் வீட்டு வாசலில் இடும் கோலத்தை நினைத்துப் பாருங்கள். மார்கழியில் நேரமெடுத்துப் பெரிதாக இடுகிறோம். மற்ற நாளில் நான்கு புள்ளி வைத்து ஒரு சிறு கோலம். பெரிய கோலம் போட நேரமில்லை என்று யாரும் வாசலை வெறுமையாக விடுவதில்லை. உங்கள் பயிற்சிக்கும் அப்படி ஒரு அன்றாட வடிவம் வேண்டும். அதை நேரமில்லாத நாளில் யோசித்து முடிவு செய்யக்கூடாது. அன்றைக்கு மனம் பேரம் பேசும். ஓய்வான ஒரு நாளில் உட்கார்ந்து, இதுதான் என் குறைந்தபட்சப் பயிற்சி என்று எழுதி வைத்துவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு மிகாமல் இருக்கட்டும். நின்றபடி கை உயர்த்துதல், ஒரு முன்குனிவு, ஒரு முறுக்கல், சிறிது நேரம் மூச்சைக் கவனித்தல் என்ற அளவே போதும். முக்கியமான நிபந்தனை ஒன்று: இதைச் செய்த நாளை, பயிற்சி செய்த நாளாகவே கணக்கில் எழுதவேண்டும். தணிக்கையாளர் என்ற முறையில் உங்களுக்கு இது சற்று உறுத்தலாம். பாதி வரவு என்று எழுதினால் பழைய எண்ணம் அந்த இடுக்கு வழியாக மறுபடி நுழைந்துவிடும்.

விட்டுப்போன நாள்களுக்கு ஈடு செய்வதையும் தவிர்த்துவிடுங்கள். ஒரு வாரம் செய்யவில்லை என்று ஞாயிறன்று இரண்டு மணி நேரம் செய்வதால் உடல் வலிக்கும். வலித்தால் திங்கள் விட்டுப்போகும்.

திருச்சி வாசகி

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. ஒவ்வொருவரும் இவ்வளவு நேரம் எடுத்து எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. யோகப்பட்டத்தைப் பற்றிப் படித்தபோது எத்தனையோ முறை ஐயப்பன் படத்தின் முன் நின்றும் அதை நான் கவனித்ததே இல்லை என்பது வியப்பாக இருந்தது. குறைந்தபட்சப் பயிற்சியை இன்று மாலையே எழுதி வைத்துவிட்டேன். அதில் பத்மாசனம் இல்லை.

மருத்துவரிடம் ஒரு கேள்வி. இடது முழங்காலின் உட்புறத்தில் ஒரு மெல்லிய வலி சில வாரங்களாக இருக்கிறது. மாடிப்படியில் இறங்கும்போதும் தரையில் சம்மணமிட்டு எழும்போதும் தெரிகிறது. வீக்கம் எதுவும் இல்லை. பயிற்சியை முழுவதும் நிறுத்தவேண்டுமா?

இயன்முறை மருத்துவர்

நேரில் பார்க்காமல் காரணத்தைச் சொல்ல இயலாது. ஆனாலும் பத்மாசனம், அர்த்த பத்மாசனம், வீராசனம், முழுக்கக் குந்துதல் ஆகியவற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். சம்மணமிடுவதையும் சில வாரங்கள் குறைத்து, உணவருந்தவும் தியானத்துக்கும் நாற்காலியைப் பயன்படுத்துங்கள். மற்றப் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. நிற்கும் ஆசனங்களை வலி தராத அளவில் செய்யலாம். தொடையின் முன்தசை வலுவாக இருப்பது முழங்காலுக்கு நல்லது. முழங்கால் திடீரென்று பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோ, நடக்கும்போது நழுவினாலோ, வீங்கினாலோ, ஓரிரு வாரங்களில் வலி குறையாவிட்டாலோ எலும்பு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். எத்தனை நாளாகச் செய்கிறீர்கள், எந்த ஆசனத்தில் வலி கூடுகிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். யோகா செய்கிறேன் என்று பொதுவாகச் சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது.

புனே மரபு மாணவன்

முழங்கால் தேறும்வரை இடுப்புக்கு வேலை கொடுக்க விரும்பினால் சுப்த பாதாங்குஷ்டாசனம் பொருத்தமாக இருக்கும். மல்லாந்து படுத்து, ஒரு பெல்ட்டையோ பழைய துப்பட்டாவையோ பாதத்தில் மாட்டி, காலை மேலே நீட்டிப் பிடியுங்கள். மற்றக் கால் தரையில் நீண்டிருக்கட்டும், முடியாவிட்டால் அதை மடக்கி ஊன்றிக்கொள்ளலாம். முழங்காலுக்கு எந்தத் திருகலும் வராது. மேலே உள்ள கால் செங்குத்தாக நிற்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை; பெல்ட்டைச் சற்று நீளமாக விட்டுப் பிடித்தால் தோளும் தரையை விட்டு எழும்பாது. மருத்துவர் இதற்கு மறுப்புச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

இயன்முறை மருத்துவர்

மறுப்பு இல்லை. கால் முழுதாக நீளாவிட்டால் முழங்காலைச் சற்று மடக்கியே வைத்துக்கொள்ளட்டும்.